தமனியின் காயமும் அதைச் செப்பனிடும் செல்களும்

ஆஞ்சியோகிராம் எடுத்துக்கொண்டு வந்தவரிடம் வீட்டார் முதலில் கேட்பது, "எத்தனை அடைப்பாம்? எத்தனை சதவீதமாம்?" என்பதைத்தான். மருத்துவ அறிக்கையும் அதே கணக்கில்தான் பேசுகிறது: ஒரு தமனியில் 70, இன்னொன்றில் 90. இந்த எண்களுக்கு மதிப்பு உண்டு. எங்கே ஸ்டென்ட் வைப்பது, யாருக்கு பைபாஸ் அறுவை செய்வது என்று முடிவெடுக்க இவை வேண்டும். ஆனால் அடைப்பு என்பது இருபது முப்பது ஆண்டுகளாக உடலுக்குள் நடந்துவந்த ஒரு வரவு செலவின் கடைசி வரி. தமனியின் உள்சுவர் நாள்தோறும் காயப்படுகிறது. உடல் நாள்தோறும் அதை ஆற்றுகிறது. ஆற்றுவது காயத்துக்கு ஈடுகொடுக்கும் வரை குழாய் திறந்தே இருக்கும். ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது கொழுப்பு படியத் தொடங்குகிறது.

காயப்படுத்துபவை எவை என்பது இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்: புகை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொலஸ்ட்ரால். ஆற்றுபவை எவை, நோய் அவற்றை என்ன செய்கிறது என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கடந்த கால் நூற்றாண்டில் இதைப் பற்றி நடந்த ஆய்வுகள் ஒரு முக்கியமான முடிவுக்கு வந்திருக்கின்றன. தமனி நோய் குழாயோடு நிற்பதில்லை. குழாயைச் செப்பனிடும் செல்களையும், அவற்றில் பலவற்றுக்குப் பிறப்பிடமான எலும்பு மஜ்ஜையையும் அது நலிவடையச் செய்கிறது. இந்த முடிவுக்கு வந்த வழி நேர்வழி அல்ல. முதலில் சொல்லப்பட்ட விளக்கத்தின் பெரும்பகுதி தவறு என்று பின்னால் தெரிந்தது. விளக்கம் விழுந்த பிறகும் கண்டறிந்த உண்மை நின்றது. அதனால்தான் இந்தக் கதையை முழுவதுமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒற்றை அடுக்கின் வேலை

இதயத்திலிருந்து விரல் நுனிவரை ஓடும் ஒவ்வொரு ரத்தக்குழாயின் உட்புறத்தையும் ஒரே ஒரு செல் தடிமன் உள்ள படலம் போர்த்தியிருக்கிறது. இதற்கு எண்டோதீலியம் என்று பெயர். நெடுங்காலம் இதை வெறும் உறையாகவே கருதினார்கள். 1980இல் அமெரிக்காவின் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்துச் செய்த சோதனை அந்த எண்ணத்தை மாற்றியது. உள்படலம் சேதமாகாமல் இருந்த துண்டுகள் அசிட்டைல்கோலின் பட்டதும் தளர்ந்து விரிந்தன. படலம் உரிந்துபோன துண்டுகள் விரியவில்லை. படலம் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து குழாயை விரிக்கிறது என்பது தெளிவானது. அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்ற எளிய வாயு என்று பின்னர் உறுதியாயிற்று. இதற்காக ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

குழாயை விரிப்பதோடு இந்தப் படலத்தின் வேலை முடிவதில்லை. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டாமலும், வெள்ளணுக்கள் சுவருக்குள் நுழையாமலும், கொழுப்புத் துகள்கள் கசிந்து உள்ளே தங்காமலும் அது காக்கிறது. தமனிகள் கிளை பிரியும் இடங்களிலும் வளையும் இடங்களிலும் ரத்தம் சீராக ஓடாமல் சுழித்து ஓடும். அங்கெல்லாம் படலம் எளிதில் சேதமடைகிறது. கொழுப்புப் படிவு முதலில் தோன்றுவதும் பெரும்பாலும் அந்த இடங்களில்தான். சேதமடைந்த செல் உதிர்ந்தால் அந்த இடம் உடனே மூடப்பட வேண்டும். மூடப்படாவிட்டால் கொலஸ்ட்ரால் உள்ளே தங்கும். அது ஆக்சிஜனேற்றம் அடையும். அதை விழுங்க வெள்ளணுக்கள் வரும். விழுங்கி வீங்கிய செல்கள் அங்கேயே மடியும். தமனித் தடிப்பு நோயின் தொடக்கம் இதுதான்.

அப்படியானால் உதிர்ந்த செல்லின் இடத்தை நிரப்புவது யார்? பக்கத்தில் உள்ள செல்கள் பிரிந்து பெருகி நகர்ந்து வந்து மூடுகின்றன என்பதே நெடுங்காலம் ஏற்கப்பட்ட விடை. புதிதாக, வேரிலிருந்து ரத்தக்குழாய்ச் செல்கள் உருவாவது கருவில் மட்டுமே நடக்கும் என்றும், வளர்ந்த உடலில் அதற்கு இடமில்லை என்றும் பாடநூல்கள் கூறின.

பாஸ்டனில் 1997

அந்தப் பாடத்துக்குப் பொருந்தாத சில தடயங்கள் முன்பே இருந்தன. 1963இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சிலர் விலங்கின் பெருந்தமனிக்குள், சுவரைத் தொடாதபடி டேக்ரான் என்ற செயற்கை இழைத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். சில வாரங்களில் அதன்மேல் எண்டோதீலியம் போன்ற செல்கள் வளர்ந்திருந்தன. பக்கத்துச் சுவரிலிருந்து அவை தவழ்ந்து வந்திருக்க வழியில்லை. ரத்தத்தில் மிதந்துதான் வந்திருக்க வேண்டும். இந்த முடிவைத் தொடர்ந்து ஆராயும் கருவிகள் அன்று இல்லை.

1997 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழில் டகாயுகி அசஹாராவும் ஜெஃப்ரி இஸ்னரும் அவர்களுடைய பாஸ்டன் குழுவினரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மனித ரத்தத்திலிருந்து சிடி34 என்ற அடையாளப் புரதத்தைத் தாங்கிய செல்களை அவர்கள் பிரித்தெடுத்தார்கள். ஆய்வுக்கூடத் தட்டில் வளர்த்தபோது அவை எண்டோதீலியச் செல்களின் இயல்புகளைக் காட்டின. பின்னங்காலுக்கு ரத்தம் போகாமல் தடுக்கப்பட்ட விலங்குகளுக்குச் செலுத்தியபோது, புதிதாக முளைத்த நுண்குழாய்களில் போய்ச் சேர்ந்தன. இவற்றுக்கு எண்டோதீலிய முன்னோடிச் செல்கள் என்று பெயரிட்டார்கள். அடுத்த ஆண்டு சியாட்டிலில் நாய்களுக்கு மஜ்ஜை மாற்றம் செய்து, பின்னர் அவற்றின் பெருந்தமனியில் டேக்ரான் குழாய் பொருத்திப் பார்த்தார்கள். குழாயின் உட்புறத்தில் வளர்ந்த செல்களில் மஜ்ஜை கொடுத்த நாயின் மரபணு அடையாளம் இருந்தது.

மஜ்ஜையிலிருந்து இந்தச் செல்கள் எப்படிப் புறப்படுகின்றன என்பதையும் அடுத்த சில ஆண்டுகளில் படிப்படியாகக் கண்டறிந்தார்கள். ஒரு தசைக்கு ஆக்சிஜன் குறைந்தால் அங்கே எச்ஐஎஃப்-1 என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அதன் தூண்டுதலால் அங்குள்ள செல்கள் எஸ்டிஎஃப்-1, விஈஜிஎஃப் போன்ற வேதிச் செய்திகளை வெளியிடுகின்றன. செய்தி ரத்த வழியே மஜ்ஜையை எட்டுகிறது. அங்கே ஒரு நொதி, முன்னோடிச் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் பிணைப்பை அறுக்கிறது. விடுபட்ட செல்கள் ரத்தத்தில் கலந்து, செய்தி வந்த திசையை நோக்கிப் போகின்றன. இவையெல்லாம் நடக்க மஜ்ஜையில் நைட்ரிக் ஆக்சைடு சுரந்தாக வேண்டும். அதைச் சுரக்கும் நொதி இல்லாத எலிகளில் செல்கள் மஜ்ஜையைவிட்டுச் சரியாக வெளிவரவில்லை என்று 2003இல் ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குழாயை விரிக்கும் பொருளும் செப்பனிடும் செல்களை விடுவிக்கும் பொருளும் ஒன்றே. எண்டோதீலியம் நலிந்தவரின் உடலில் இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்தே தளர்வதற்கு இது ஒரு காரணம்.

மனித உடலில் இந்த அழைப்பு உண்மையாகவே நடக்கிறது என்பதற்கும் சான்று கிடைத்தது. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தை ஜப்பானிய மருத்துவர்கள் அடுத்தடுத்த நாட்களில் சோதித்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். இந்தச் செல்கள் ஏழாம் நாளில் உச்சத்தைத் தொட்டிருந்தன.

எண்ணிக்கை குறைவதும் நடை தளர்வதும்

நோய் இந்தச் செல்களை என்ன செய்கிறது என்ற கேள்வியை நேராகக் கேட்டவர்கள் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெஃபானி டிம்மெலரும் ஆண்ட்ரியாஸ் ஸைஹரும் அவர்களின் குழுவினரும். இதயத் தமனி நோயுள்ள 45 பேரையும் நலமான 15 பேரையும் ஒப்பிட்டு 2001இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளிடம் தட்டில் வளர்த்தெடுத்த முன்னோடிச் செல்கள் சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தன. ரத்தத்தில் அடையாளப் புரதங்களைக் கொண்டு எண்ணியபோது குறைவு 48 சதவீதம். வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், குடும்ப வரலாறு, கொலஸ்ட்ரால் என ஒருவரிடம் ஆபத்துக் காரணிகள் கூடக்கூடச் செல்களின் எண்ணிக்கை இறங்கியது. புகைப்பவர்களிடம் இறக்கம் குறிப்பாகத் தெரிந்தது.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவுக்கு என் பார்வையில் இதைவிட மதிப்பு அதிகம். மிஞ்சியிருந்த செல்களும் முழு வலுவோடு இல்லை. வேதிச் செய்தியை நோக்கி நகரும் திறன் நோயாளிகளின் செல்களில் குறைந்திருந்தது. அந்தத் தளர்ச்சியோடு மிக நெருங்கிய தொடர்பு உயர் ரத்த அழுத்தத்துக்கு இருந்தது. எண்ணிக்கை குறைந்தால் வேலைக்கு ஆள் குறைவு. நடை தளர்ந்தால், இருக்கும் ஆளும் வேலைக்கு வந்து சேர மாட்டார்.

நோய் வெளிப்படுவதற்கு முன்பே இந்தக் குறைபாடு தொடங்குகிறதா? அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகங்களின் மருத்துவர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. இதயநோய் வரலாறே இல்லாத, சராசரி வயது 50 கொண்ட 45 ஆண்களின் ரத்தத்தை அவர்கள் சோதித்தார்கள். எதிர்காலத்தில் இதயநோய் வரும் வாய்ப்பைக் கணிக்கும் ஃபிராமிங்ஹாம் மதிப்பெண் உயர்ந்தவர்களிடம் தட்டில் முளைக்கும் செல் கூட்டங்களான குடியிருப்புகள் குறைவாக வளர்ந்தன. கையின் தமனி எவ்வளவு நன்றாக விரிகிறது என்பதை வழக்கமான ஆபத்துக் காரணிகளைவிட இந்தச் செல்களின் எண்ணிக்கையே நன்றாகக் கணித்தது. ஆபத்து மிகுந்தவர்களின் செல்கள் தட்டிலேயே விரைவாக முதுமையடைந்தன. பிரிந்து பெருகும் ஆற்றலை முன்கூட்டியே இழந்தன.

2005இல் ஜெர்மனியின் ஹோம்பர்க்கிலிருந்து வந்த ஆய்வு, செல்களின் எண்ணிக்கைக்கும் நோயாளியின் எதிர்காலத்துக்கும் உள்ள தொடர்பைப் பார்த்தது. ஆஞ்சியோகிராமில் தமனி நோய் உறுதியான 519 பேரை 12 மாதம் கண்காணித்தார்கள். 43 பேர் இறந்தார்கள். அவர்களில் 23 பேர் இதயநோயாலும் ரத்தக்குழாய் நோயாலும் இறந்தவர்கள். செல்கள் அதிகம் இருந்தவர்களுக்கு அந்த வகை மரணத்தின் ஆபத்து குறைவாக இருந்தது. ஆனால் மாரடைப்பு வருமா என்பதை எண்ணிக்கையால் கணிக்க முடியவில்லை. எல்லாக் காரணங்களாலும் நேரும் மொத்த மரணத்தையும் கணிக்க முடியவில்லை. பத்தாண்டுக்குப் பின் அட்லாண்டாவின் எமோரி பல்கலைக்கழகத்தில் 900க்கும் மேற்பட்ட தமனி நோயாளிகளைத் தொடர்ந்தவர்களும், சிடி34 செல்கள் குறைந்தவர்களுக்கு முடிவு மோசமாக இருந்ததைக் கண்டார்கள்.

எப்படி நலிகின்றன

இந்த நலிவுக்கு ஒரு காரணம் மட்டும் இல்லை. ஆக்சிஜனேற்றம் அடைந்த கெட்ட கொலஸ்ட்ரால் இந்தச் செல்களை விரைவில் முதுமையடையச் செய்கிறது. உடலில் அழற்சி இருக்கும்போது ஈரல் சுரக்கும் சி-ரியாக்டிவ் புரதம் அவற்றின் ஆயுளையும் திறனையும் குறைக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் ஆஞ்சியோடென்சினும் அதே வழியில் செயல்படுகிறது.

இவற்றில் மிக விரிவாக ஆராயப்பட்டது சர்க்கரை நோய். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் செல்களை நலமானவர்களின் செல்களோடு 2002இல் ஒப்பிட்டபோது, அவற்றின் பெருக்கம் 48 சதவீதம் குறைவாக இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு ஏறஏறப் பெருக்கம் இறங்கியது. எண்டோதீலியத்தில் ஒட்டிக்கொள்ளும் திறனும், குழாய் வடிவில் ஒன்றுசேரும் திறனும் குறைந்திருந்தன. இத்தாலியின் பதுவா நகரில் ஜான் பாவ்லோ ஃபதீனியின் குழு இன்னொன்றையும் கண்டது. மஜ்ஜையிலிருந்து செல்களை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்தபோது, சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் நலமானவர்களிடம் போல செல்கள் உயரவில்லை. மஜ்ஜையில் செல் இருக்கிறது, அழைத்தால் வருவதில்லை. மஜ்ஜைக்கும் நுண்குழாய்கள் உண்டு, நரம்புகள் உண்டு. கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் அதே சர்க்கரை அவற்றையும் கெடுக்கிறது.

இந்தச் செல்கள் யார்?

ஆய்வுக் கட்டுரைகள் குவிந்துகொண்டிருந்தபோதே ஒரு அடிப்படைக் கேள்வி எழுந்தது. எண்ணப்படுபவை உண்மையில் எண்டோதீலியமாக மாறும் செல்கள்தானா? தட்டில் சில நாட்களில் வளரும் செல்கள் பெரும்பாலும் மோனோசைட் எனப்படும் வெள்ளணு வகையைச் சேர்ந்தவை என்றும், அவை குழாய்ச் சுவராக மாறுவதைவிட வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து உதவுகின்றன என்றும் 2003இல் ஒரு குழு காட்டியது. இண்டியானா பல்கலைக்கழகத்தில் டேவிட் இங்க்ராமும் மெர்வின் யோடரும் ஒரே செல்லிலிருந்து முளைக்கும் குடியிருப்புகளைத் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். 2007இல் அவர்கள் தந்த முடிவு தெளிவானது. முதலில் வளரும் குடியிருப்புகள் ரத்த அணுக்களின் வழிவந்தவை. தாமதமாக, மிகச் சிறு எண்ணிக்கையில் முளைப்பவை மட்டுமே பிரிந்து பெருகி உண்மையான ரத்தக்குழாய்களை அமைக்க வல்லவை. அந்தத் தாமதக் குடியிருப்புகளுக்கு மஜ்ஜை பிறப்பிடமாகத் தெரியவில்லை.

அடுத்த அடிகள் இன்னும் பலமாக விழுந்தன. மஜ்ஜையிலிருந்து வரும் செல்கள் எலிகளின் ரத்தக்குழாய் எண்டோதீலியத்தில் இடம்பெறவில்லை என்று 2008இல் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் எழுதினார்கள். 2010இல் டென்மார்க் ஆய்வாளர்கள் எலிகளின் கொழுப்புப் படிவுகளைத் தேடிப் பார்த்தும் அவற்றின் மேற்படலத்தில் ரத்த வழியே வந்த செல்களைக் காணவில்லை. 2018இல் கலிஃபோர்னியாவில் எலியின் பெருந்தமனியைக் காயப்படுத்திப் பார்த்தபோது, காயத்தை மூடியவை அக்கம்பக்கத்து எண்டோதீலியச் செல்களே; அவற்றிலும் சில மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகப் பெருகின. 2017இல் இத்துறை வல்லுநர்கள் கூடி, 'எண்டோதீலிய முன்னோடிச் செல்' என்ற பொதுப்பெயரைக் கண்டபடி பயன்படுத்த வேண்டாம் என்றும், சுரந்து உதவும் ரத்த வழிச் செல்களையும் குழாயாகவே மாறும் செல்களையும் வேறுவேறு பெயரால் குறிக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தார்கள்.

அப்படியானால் ஃபிராங்க்ஃபர்ட்டிலும் ஹோம்பர்க்கிலும் எண்ணியது வீணா? இல்லை. அங்கே எண்ணப்பட்ட செல்கள் இடத்தை நிரப்புபவை அல்ல. இடத்தை நிரப்பும் உள்ளூர்ச் செல்களுக்குத் தூண்டுதல் தருபவை. மஜ்ஜை எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கும் அவை சாட்சி. அவற்றின் குறைவு உடலின் செப்பனிடும் ஆற்றல் குறைந்ததைக் காட்டும் குறியீடு. அந்தக் குறியீட்டை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதற்கும் சான்று உண்டு. 2006இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், ஆஞ்சியோகிராமில் கணிசமான அடைப்பு உள்ளவர்களைச் சோதித்தபோது, தாமதமாக முளைக்கும் உண்மையான எண்டோதீலியக் குடியிருப்புகள் அவர்களிடம் அதிகமாகவே இருந்தன. ஆகவே எண்ணிக்கை கூடியிருந்தால் நலம் என்றும் குறைந்தால் கேடு என்றும் ஒரே அளவுகோலால் சொல்லிவிட முடியாது. எந்தச் செல், நோயின் எந்தக் கட்டம் என்று கேட்டுத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

மஜ்ஜையையே எட்டும் நோய்

பெயர் பற்றிய சண்டை ஓய்ந்த பிறகு கவனம் மஜ்ஜையின் பக்கம் திரும்பியது. 2012இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் எலிகளில் ஒரு மாரடைப்பு, வேறு இடங்களில் உள்ள தமனித் தடிப்பையும் வேகப்படுத்துவதைக் காட்டினார்கள். மாரடைப்பின் அதிர்ச்சி மஜ்ஜையிலிருந்து முன்னோடிச் செல்களை வெளியேற்றுகிறது. அவை மண்ணீரலில் தங்கி மோனோசைட்டுகளைப் பெருக்குகின்றன. அந்த மோனோசைட்டுகள் பழைய படிவுகளில் போய் நுழைகின்றன. ஆற்ற வேண்டிய அழைப்பே அழற்சியை வளர்ப்பதாக மாறிவிடுகிறது. உயர் ரத்த அழுத்தமும் தமனித் தடிப்பும் மாரடைப்பும் மஜ்ஜைக்குள் இருக்கும் ரத்தக்குழாய்களையே கெடுத்து, அதன் வழியே வெள்ளணுக்களின் உற்பத்தியைக் கூட்டுகின்றன என்று 2022இல் அந்த வட்டத்திலிருந்தே மற்றொரு ஆய்வு வந்தது.

முதுமையோடு மஜ்ஜைத் தண்டுச் செல்களில் சேரும் மரபணு மாற்றங்களும் இந்தக் கணக்கில் உண்டு. 70 வயதைத் தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல், ரத்த அணுக்களில் ஒரு பகுதி மாற்றமடைந்த ஒரே தாய்ச் செல்லிலிருந்து வந்தவையாக இருக்கும். அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் இருக்காது. வேறு அறிகுறியும் இருக்காது. ஆனால் அவர்களுக்கு இதயத் தமனி நோய் இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1.9 மடங்கு என்று 2017இல் சித்தார்த்த ஜெய்ஸ்வாலும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். தமனி நோய்க்கும் மஜ்ஜைக்கும் இடையே செல்லும் பாதை இருவழிப் பாதை. குழாய் கெட்டால் மஜ்ஜை கெடும். மஜ்ஜை மாறினால் குழாய் கெடும்.

தெற்காசியர்களின் கணக்கு

தெற்காசிய வம்சாவளியினருக்கு மாரடைப்பு ஐரோப்பியர்களைவிடக் குறைந்த வயதில் வருவது பல நாடுகளில் பதிவான உண்மை. புகையும் சர்க்கரையும் கொலஸ்ட்ராலும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. பிரிட்டனில் வாழும் இளம், நலமான தெற்காசிய ஆண்களையும் ஐரோப்பிய ஆண்களையும் லண்டன் ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்ட முடிவு இந்தக் கதைக்கு நேராக வருகிறது. நோய் எதுவும் தோன்றாத அந்த வயதிலேயே தெற்காசியர்களின் தமனிகள் குறைவாக விரிந்தன. அவர்கள் ரத்தத்தில் முன்னோடிச் செல்களும் குறைவாக இருந்தன. லீட்ஸ் பல்கலைக்கழகக் குழு 2010இல் இன்னொரு படி போனது. உடற்பயிற்சி செய்தவுடன் இந்தச் செல்கள் ரத்தத்தில் உயர வேண்டும். அந்த உயர்வுக்கு நைட்ரிக் ஆக்சைடு வேண்டும். தெற்காசிய ஆண்களிடம் உயர்வு மந்தமாக இருந்தது. அவர்களின் ரத்தத்திலிருந்து வளர்த்த எண்டோதீலியச் செல்களை எலியின் காயப்பட்ட தமனிக்குக் கொடுத்தபோது, காயம் ஆறுவதும் மந்தமாகவே இருந்தது. ஏகேடி1 என்ற புரதத்தின் செயல்பாட்டைச் செல்லுக்குள் மீட்டபோது ஆற்றும் திறனும் மீண்டது. 2014இல் வந்த இந்த முடிவு, குறைபாடு மாற்ற முடியாத விதி அல்ல என்பதைச் சொல்கிறது.

இவை சிறிய ஆய்வுகள். பிரிட்டனில் குடியேறிய குடும்பங்களைச் சேர்ந்தவர்களிடம் செய்யப்பட்டவை. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ வாழ்பவர்களுக்கு இவற்றை அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் நாற்பதிலேயே மாரடைப்பைச் சந்திக்கும் சமூகத்துக்கு, செப்பனிடும் ஆற்றலையும் இளமையிலிருந்தே அளந்து பார்க்க வேண்டும் என்ற செய்தி இவற்றில் இருக்கிறது.

செல்லைக் கொடுத்துக் குணமாக்க முயன்றவர்கள்

செல் குறைந்தால் செல்லைக் கொடுக்கலாமே என்ற எண்ணம் இயல்பாகவே வந்தது. மாரடைப்பு வந்தவரின் மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்து, அவருடைய இதயத் தமனி வழியே திருப்பிச் செலுத்தும் சிகிச்சை 2000களின் தொடக்கத்தில் பரவியது. 2006 செப்டம்பரில் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' ஒரே இதழில் எதிரெதிரான முடிவுகளை வெளியிட்டது. ஜெர்மனியில் தொடங்கிய, 204 பேர் பங்கேற்ற சோதனையில் இதயத்தின் இறைக்கும் திறன், செல் பெற்றவர்களுக்கு 5.5 புள்ளியும் பெறாதவர்களுக்கு 3.0 புள்ளியும் உயர்ந்தது. நார்வேயில் 100 பேரிடம் நடந்த சோதனையில் வேறுபாடே தெரியவில்லை. இந்தச் சிகிச்சை உயிரைக் காக்குமா என்று தீர்க்கத் திட்டமிட்ட ஐரோப்பியச் சோதனைக்கு 3,000 பேர் தேவைப்பட்டார்கள். 375 பேரே சேர்ந்தார்கள். 2020இல் வெளியான கணக்கில் இரண்டு ஆண்டு மரண வீதம் 3.26 சதவீதமும் 3.82 சதவீதமுமாக இருந்தது. தீர்ப்புச் சொல்ல அது போதவில்லை. சிடி34 செல்களைப் பிடித்து நிறுத்தும் எதிர்ப்பொருள் பூசிய ஸ்டென்ட்டும் வந்தது. தன்மேல் விரைவில் எண்டோதீலியம் வளரச் செய்யும் என்ற நம்பிக்கையில் உருவான அந்த ஸ்டென்ட், மறு அடைப்பைத் தடுப்பதில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுகளை வெல்லவில்லை.

இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு விளக்கம் 2004லேயே கிடைத்திருந்தது. நாள்பட்ட இதயநோயாளிகளின் மஜ்ஜைச் செல்களையும் நலமானவர்களின் மஜ்ஜைச் செல்களையும், ரத்த ஓட்டம் தடைப்பட்ட எலிகளுக்குக் கொடுத்து ஃபிராங்க்ஃபர்ட் குழு ஒப்பிட்டது. நோயாளிகளின் செல்களால் புதிய குழாய்களை வளர்க்கும் ஆற்றல் மிகவும் குறைந்திருந்தது. உவர் நிலத்தில் விளைந்த விதையை எடுத்து அதே உவர் நிலத்தில் தூவிவிட்டு நல்ல விளைச்சலை எதிர்பார்க்க முடியாது. தன் செல்லையே மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சை, அந்தச் செல்லும் நோய்ப்பட்டது என்பதைப் போதிய அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே நான் கருதுகிறேன்.

மீளும் ஆற்றல்

ஆற்றல் மீள்கிறது என்பதற்கான சான்றுகள் செல் சிகிச்சையின் சான்றுகளைவிடத் தெளிவானவை. ஜப்பானில் புகைப்பவர்கள் நான்கு வாரம் புகையை நிறுத்தியபோது முன்னோடிச் செல்கள் விரைவாக உயர்ந்தன என்று 2004இல் பதிவாயிற்று. மீண்டும் புகைக்கத் தொடங்கியதும் பழைய நிலைக்குச் சரிந்தன. குறைவாகப் புகைத்தவர்களிடம் மீட்சி அதிகம். அதே ஆண்டு ஜெர்மனியில் தமனி நோயுள்ள 19 பேர் 28 நாள் மிதமான உடற்பயிற்சி செய்தார்கள். செல்களின் எண்ணிக்கை கூடியது. செல்கள் தாமாக மடிவது குறைந்தது. நைட்ரிக் ஆக்சைடு நொதி இல்லாத எலிகளை ஓடவிட்டபோது அந்த நன்மை குறைந்தது. உடற்பயிற்சியில் ரத்த ஓட்டம் பெருகுகிறது, அது எண்டோதீலியத்தைத் தூண்டுகிறது, நைட்ரிக் ஆக்சைடு கூடுகிறது, செல்கள் விடுபடுகின்றன என்ற தொடர் இங்கே புலப்படுகிறது. தமனி நோயுள்ள 15 பேர் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் அட்டோர்வாஸ்டாட்டின் எடுத்தபோது செல்கள் ஒரு வாரத்தில் ஒன்றரை மடங்கும், நான்கு வாரத்தில் மும்மடங்கும் ஆயின. இது ஃபிராங்க்ஃபர்ட்டின் 2001 ஆய்வு. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரை, ஏகேடி புரதத்தின் வழியே இந்தச் செல்களையும் பாதிக்கிறது என்று சோதனைகள் காட்டின.

இந்த எண்கள் சிறு குழுக்களிலிருந்து வந்தவை. புகையை நிறுத்துவதாலும் ஸ்டாட்டினாலும் உயிர் காக்கப்படுகிறது என்பதற்கு வலுவான சான்று பெரிய சோதனைகளிலும் நெடுநாள் கண்காணிப்புகளிலும் தனியே உண்டு. அந்த நன்மையில் ஒரு பகுதி செப்பனிடும் ஆற்றல் மீள்வதால் வருகிறது என்பதை மேற்சொன்ன சிறு ஆய்வுகள் உணர்த்துகின்றன.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பிறக்கின்றன. முதலாவது மருத்துவமனைக்கு உரியது. ஸ்டென்ட் வைத்தவுடன் நோய் முடிந்துவிட்டது என்று நோயாளி நினைத்துக்கொள்ள விடக்கூடாது. ஸ்டென்ட் சில மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு இடத்தைத் திறக்கிறது. மற்ற தமனிகளையும், அவற்றுக்குச் செல்களை அனுப்பும் மஜ்ஜையையும் அது தொடுவதில்லை. ஸ்டாட்டின், ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, புகை நிறுத்தம் ஆகியவற்றை அறுவைக்குப் பின்னான அறிவுரைகளாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். உடல் தன்னைத்தானே செப்பனிடும் வேலைக்குச் செய்யும் சிகிச்சை அவைதான். நோயாளிக்கு அப்படியே விளக்கிச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது ஆய்வாளர்களுக்கு உரியது. எந்தச் செல் எந்த வேலையைச் செய்கிறது என்ற கேள்வி இப்போது முன்னைவிடத் தெளிவாகப் பிரிந்திருக்கிறது. உள்ளூர் எண்டோதீலியத்தில் பெருகும் ஆற்றல் உள்ள செல்கள், மஜ்ஜையிலிருந்து வந்து தூண்டும் செல்கள், முதுமையில் மாற்றமடையும் தண்டுச் செல்கள் என மூன்றையும் ஒரே மனிதரிடம், நோய் வருவதற்கு முன்பிருந்தே, ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். குறைந்த வயதில் மாரடைப்பு அதிகம் வரும் தெற்காசியாவில், இங்குள்ள மக்களிடமே அந்த ஆய்வு நடக்க வேண்டும். அடைப்பு எவ்வளவு என்று அளக்க நமக்குத் தெரியும். ஆற்றும் திறன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று நம்பத்தக்க விதத்தில் அளக்கும் சோதனை வந்தால், அடைப்பு வருவதற்கு இருபது ஆண்டுகள் முன்னதாகவே ஒருவரை எச்சரிக்க முடியும்.